விளக்குக்கு முதல் சம்பளம்

அந்த நாடகக் குழுவில் ஒரு வழக்கம் இருக்கிறது. கடைசிக் காட்சி முடிந்து திரை இறங்கியதும், ராஜா கிரீடத்தைக் கழற்றுவதற்கு முன்பே, ராணி முகத்தில் எண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைப்பதற்கு முன்பே, விளக்கு போடுகிறவருக்குச் சம்பளம் போய்விடும். அவர் இரும்பு ஏணியில் இறங்கி வரும்போது அடியில் ஒரு பெண்மணி உறையோடு நிற்பாள். அவள்தான் பாஸக்கா. மற்றவர்களுக்கெல்லாம் அதற்குப் பிறகுதான். கதாநாயகனுக்கும் அதே கதிதான், அவர் அவளுடைய சொந்தப் புருஷனாகவே இருந்தாலும்.

புதிதாகச் சேர்ந்த நடிகர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். "தொண்டை கிழிய வசனம் பேசினது நாங்க. காசு மட்டும் ஸ்விட்ச் போட்டவருக்கு முதல்லயா?" என்று ஒருவர் கேட்டேவிட்டார்.

"வரிசையில வாங்க" என்றாள் பாஸக்கா. வேறு விளக்கம் கிடையாது.

பாஸக்கா என்ற பேரே ஒரு கேலிதான். அவள் யாருக்கும் ஓசி பாஸ் கொடுத்து வருடக்கணக்கில் ஆகிறது. சொந்த அக்காவே வந்து கெஞ்சினாலும் கவுன்டரைத்தான் கைகாட்டுவாள். ஆனாலும் ஊர் ஒரு பேரை வைத்துவிட்டால் வைத்ததுதான். ஒரு காலத்தில் அந்தப் பேருக்கு அவள் முழுத் தகுதியோடு இருந்தாள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அந்தக் காலத்தில் அவளுடைய கைப்பையில் ரோஸ் நிறத்தில் ஒரு பாஸ் கட்டு எப்போதும் இருக்கும். வழியில் யாராவது "அக்கா, இந்த வாரம் நாடகம் உண்டா?" என்று கேட்டால் போதும், வாய் பதில் சொல்லும் முன்னே கை பாஸை நீட்டிவிடும். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அப்படி ஒரு தாராளக் கை. நெய் யாருடையது என்று அவள் யோசித்ததில்லை.

சும்மா கொடுத்துவிட்டு வந்துவிடுகிறவளும் இல்லை. அரங்கை நிரப்புவதில் அவளுக்கு ஒரு சாஸ்திரமே இருந்தது. சட்டென்று சிரிக்கிறவர்களை நடு வரிசையில் உட்கார வைப்பாள். சிரிப்பு அங்கிருந்து நாலு பக்கமும் பரவும். அழுகிறவர்களை நடைவழி ஓரம் போடுவாள். மூக்கைச் சிந்தும் சத்தம் மேடைக்குக் கேட்டால்தான் நடிகனுக்குத் தெம்பு வரும். இருமுகிறவர்களுக்குக் கடைசி வரிசை. அவளுடைய அக்கா புருஷனைப் போலக் குறட்டை விடுகிறவர்களுக்குத் தூணுக்குப் பின்னால் நிரந்தர இடம்.

இதெல்லாம் ஒரு மனுஷனுக்காக. ராஜா என்று ஊர் கூப்பிடும் அவள் புருஷனுக்காக. மேடையில் நாலு தேசத்தை ஆள்வார். வீட்டில் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுவார். குழுவை ஆரம்பித்தவரும் அவர்தான், நாடகம் எழுதுகிறவரும் அவர்தான். வரவு செலவு என்றால் மட்டும், பக்கத்து வீட்டு விவகாரம் மாதிரி காதில் வாங்காமல் நகர்ந்துவிடுவார்.

கல்யாணமான புதிதில் ஒரு மழை நாள். நாடகத்துக்கு வந்தவர்கள் அரங்கத்துக் காவலாளியும், மழைக்கு ஒதுங்கிய ஒரு சிலரும்தான். அன்றைக்கு அரசவைக் காட்சியில் ராஜாவுக்கு வசனம் நின்றுவிட்டது. வாயைத் திறந்தபடி காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் அப்போது ஒரு மருந்துக்கடையில் கல்லாவில் இருந்தாள். அந்த முதுகைப் பார்த்தபடியே முடிவு செய்தாள்: இந்த மனுஷன் இனி ஒரு காலி நாற்காலியையும் பார்க்கக் கூடாது.

மறுவாரம் காய்ச்சல் மாத்திரை வாங்க வந்தவர்களெல்லாம் மாத்திரையோடு இரண்டு நாடகப் பாஸும் வாங்கிக்கொண்டு போனார்கள். அரங்கம் நிறைந்தது. ராஜா முழங்கினார். அன்றிலிருந்து ஒவ்வொரு நாடகத்தன்றும் அவர் ஒப்பனை அறையிலிருந்து, "எப்படி இருக்கு?" என்று கேட்பார். அவள், "நிறைஞ்சு வழியுது" என்பாள். அந்தப் பதிலைச் சொல்வதற்காகவே அவள் வாழ்ந்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

நாற்காலி நிறைந்ததே தவிர கல்லா நிறையவில்லை. கொஞ்ச காலம் ஒரு ஜவுளிக்கடை முதலாளி தயவில் வண்டி ஓடியது. அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை, தன் தங்கை மகன் இளவரசனாக நடிக்க வேண்டும். அந்தப் பிள்ளை மேடையில் நின்றால் அரண்மனைத் தூணுக்கும் அவனுக்கும் வித்தியாசம் தெரியாது. இருந்தும் போட்டார்கள். பிறகு அவன் வேலை கிடைத்து வெளியூர் போனான். தூண் போனதும் கூரையும் போயிற்று. முதலாளி கையைக் கழுவிவிட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாடகமும் திண்டாட்டம்தான். அரங்க வாடகை கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் கதவு திறக்காது. உடை வாடகைக்காரர் துணியை உருவிக்கொண்டு போய்விடுவார். போஸ்டர் அடித்தவர் வாசலிலேயே நின்று சத்தம் போடுவார். சத்தம் போடாதவர் ஒருவர்தான். விளக்கண்ணன்.

குழு ஆரம்பித்த நாளிலிருந்து விளக்கு போடுகிறவர் அவர். மேடைக்கு எதிரே, உயரத்தில், ஒரு மரப்பெட்டி மாதிரி இருக்கும் அறைக்குள் ஏறிவிட்டால் நாடகம் முடிகிறவரை இறங்க மாட்டார். ராஜா அழ வேண்டிய இடத்தில் கண்ணீர் வராவிட்டால், விளக்கை லேசாக இறக்கியே அழ வைத்துவிடுவார். நாடகம் முடிந்து இறங்கி வரும்போது பாஸக்கா ஏணியடியில் நிற்பாள்.

"அண்ணே, அடுத்த நாடகத்துல சேர்த்துக் குடுத்துடறேன்."

"அதுக்கென்னம்மா. மெதுவா குடு."

"அவரு நம்ம வீட்டு மனுஷன்" என்று மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்லுவாள். வீட்டு மனுஷன் என்றால் அவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா என்ன? இந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றவில்லை. நல்லவர்களுக்கு இது ஒரு வியாதி. யார் கேட்கவில்லையோ அவருக்குத் தேவையில்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒரு நாள் காலையில் விளக்கண்ணன் வீட்டுக்கே வந்தார். கையில் விளக்கறைச் சாவியும், சூடான விளக்குகளைத் திருப்புவதற்கு மாட்டிக்கொள்ளும் தோல் கையுறையும் இருந்தன.

"நகைக்கடையில விளக்கு போடக் கூப்பிடறாங்கம்மா. மாசச் சம்பளம். சின்னவ மேல படிக்கணும்ங்கறா. அதான்..."

"எங்களை விட்டுட்டுப் போக எப்படிண்ணே உங்களுக்கு மனசு வந்துச்சு?"

அவர் கையுறையைத் துடைத்து மேஜை மேல் வைத்தார். "மூணாவது விளக்கு சண்டித்தனம் பண்ணும். லேசா ஒரு தட்டு தட்டினா எரியும்" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

"நன்றி கெட்ட மனுஷன்" என்றாள் பாஸக்கா அன்று மாலை புருஷனிடம். ராஜா பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது நடந்துகொண்டிருந்த நாடகத்தின் கடைசி நாளில்தான் அவளுக்கு உறைத்தது. கவுன்டரில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கணவர் பணத்தை எடுத்துக் கவுன்டர் ஓட்டைக்குள் பாதி நீட்டியும்விட்டார். அந்த நேரம் பார்த்து அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரி, ரோஸ் பாஸை விசிறி மாதிரி வீசிக்கொண்டு வந்தாள்.

"ஐயோ, காசு குடுத்தா போறீங்க? அக்காகிட்ட கேட்டா சும்மாவே குடுப்பாங்களே!"

நீட்டிய கை அப்படியே நின்றது. அந்த மனிதர் பணத்தைப் பார்த்தார், பாஸக்காவைப் பார்த்தார். பணம் மெதுவாகச் சட்டைப் பைக்குள் திரும்பியது. "அப்ப... எங்களுக்கும் ரெண்டு குடுங்கக்கா" என்று அசட்டுச் சிரிப்போடு கேட்டார்.

இதில் கொடுமை என்னவென்றால், அவள் கொடுத்துவிட்டாள். பழகின கை, யோசிப்பதற்குள் பையைத் திறந்துவிட்டது. அவர்கள் உள்ளே போன பிறகு ஓட்டை வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டிக்கெட் எடுக்க வந்தவனையே ஓசிக்குப் பழக்குகிறோமே என்று திக்கென்றது. தன் வீட்டுக்குத் தானே கன்னம் வைத்த கதைதான். ஊருக்கு நாடகம் பிடிக்காமல் இல்லை. காசு கொடுத்துப் பார்க்கும் பொருள் அது என்பதையே அவள் ஊரை மறக்க வைத்திருந்தாள்.

அடுத்த நாடகத்தின் ஒத்திகையில் ராணி முதலில் பேசினாள். பகலில் தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவள், நேரடியாகப் பேசுவாள். "அக்கா, இந்தத் தடவையும் சம்பளம் 'அடுத்த தடவை'ன்னா, நாங்க எல்லாரும் வேற இடம் பார்த்துக்கறோம். விளக்கண்ணன் போன வழி எங்களுக்கும் தெரியும்."

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். இந்த நாடகம் சம்பளம் கொடுக்காவிட்டால் குழு கலைந்துவிடும். அதில் சந்தேகமே இல்லை.

"சரி. இந்த நாடகத்துக்குப் பாஸ் கிடையாது" என்றாள் பாஸக்கா.

ராணியேதான் முதலில் ஆரம்பித்தாள். "சரிதான்க்கா. ஆனா என் மாமியார் வீட்டுக்கு மட்டும் ஒரு ஆறு..."

"முதல் டிக்கெட்டே உன் மாமியாருக்குத்தான். கிழிச்சு வெச்சிருக்கேன், காசு கொண்டு வா."

ராஜா ஒரு ஓரத்தில் மரவாளைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். "அவ சொல்றபடி செய்யுங்க" என்று மட்டும் சொன்னார். அவர் காலி நாற்காலிக்குப் பயப்படுகிறார், தனக்காக மறைக்கிறார் என்று பாஸக்கா நினைத்துக்கொண்டாள்.

கொடுக்கும்போது நிமிர்ந்திருந்த தலை, விற்கும்போது தானாகக் குனிகிறது. இதை அவள் அந்த வாரங்களில் கற்றுக்கொண்டாள். அலுவலகம் அலுவலகமாக ஏறினாள். பள்ளிக்கூட ஆசிரியர்களைப் பார்த்தாள். முன்பெல்லாம் "வாங்கக்கா வாங்கக்கா" என்று நாற்காலி போட்டவர்கள், டிக்கெட் புத்தகத்தைப் பார்த்ததும் ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்தார்கள். வசதி இல்லாதவர்களுக்காக ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒத்திகை எல்லாருக்கும் திறந்திருக்கும், காசு வேண்டாம். ஆனால் ஒத்திகை இளவரசியைச் சிறையெடுக்கும் இடத்தோடு நின்றுவிடும். "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டால், "சனிக்கிழமை டிக்கெட் எடுத்து வாங்க, சொல்றோம்." ஒத்திகைக்கு வந்த சிலர் எரிச்சலோடு போனார்கள். சிலர் போகும்போதே டிக்கெட் வாங்கிக்கொண்டார்கள்.

அவள் அக்கா பேச்சையே நிறுத்திவிட்டாள். "தூணுக்குப் பின்னாடி குறட்டை விடறதுக்கும் காசா?" என்று ஆள் சொல்லியனுப்பினாள்.

முதல் வரிசையில் வருடக்கணக்காக உட்கார்ந்து பழகிய டாக்டர் நேரிலேயே வந்தார். காரை விட்டு இறங்காமல், கண்ணாடியை மட்டும் இறக்கினார். "என்னம்மா, நமக்கு எப்பவும் போல ஆறு சீட்டுதானே?"

மருந்துக்கடைக் கல்லாவில் இருந்த காலத்திலேயே அவரை அவளுக்குத் தெரியும். "தரேன் டாக்டர். இருமல் இருக்கு, உங்ககிட்ட வந்தா ஓசில பார்ப்பீங்களா?"

கண்ணாடி ஏறிவிட்டது. கார் போய்விட்டது. வாய்க்கொழுப்பால் ஒரு முதல் வரிசையையே இழந்தோம் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை வந்தது. விளக்கறையில் திரை இழுக்கிறவரையே ஏற்றிவிட்டிருந்தார்கள். நேரம் நெருங்க நெருங்க அவள் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தாள். முன்னால் சில வரிசைகளில் அங்கங்கே ஆள் தெரிந்தது. பின்னால் முழுக்க வெறும் நாற்காலிகள். அத்தனையும் அவளையே பார்ப்பது போலிருந்தது.

ஒப்பனை அறைக்குள் போனாள். ராஜா கண்ணாடிமுன் உட்கார்ந்து புருவம் தீட்டிக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?" என்றார் வழக்கம்போல.

பொய் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டாள். "பாதிகூட இல்லீங்க. நிறுத்திடலாமா? காசைத் திருப்பிக் குடுத்துடறேன்."

"வந்தவங்க எல்லாரும் டிக்கெட் எடுத்தவங்களா?"

"ஆமா."

"அப்புறம் எதுக்கு நிறுத்தணும்?"

"காலி நாற்காலியப் பார்த்தா உங்களுக்குத்தான் வசனம் வராதே. அன்னிக்கு மழையில அப்படித்தானே..."

அவர் திரும்பினார். ஒரு புருவம் ராஜாவுடையது, ஒரு புருவம் அவருடையது. "அன்னிக்கா? அன்னிக்கு எனக்கு உடம்பு நெருப்பாக் கொதிச்சுதுடி. நீ புதுசா வந்தவ, சொன்னா நாடகத்துக்கே விடமாட்டியேன்னு சொல்லலை."

மருந்துக்கடைக் கல்லாவில் இருந்தவள் அவள். ஊருக்கெல்லாம் காய்ச்சல் மாத்திரையோடு பாஸ் கொடுத்தவள். வீட்டில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவரின் நெற்றியை அவள் தொட்டுப் பார்க்கவில்லை.

"அப்ப ஓசிக் கூட்டம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? இடைவேளைக்கு அப்புறம் பாதிப் பேர் எழுந்து போறது மேடையிலேர்ந்து நல்லாத் தெரியும். ஊரே அக்கா அக்கான்னு உன்னைச் சுத்தி வந்துச்சு. உனக்கு அதுல ஒரு சந்தோஷம். அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. அவருக்காக அவள் கொடுத்தாள். அவளுக்காக அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார். இப்படி ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்கொடுத்த ஜோடி ஊரில் உண்டா என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று. அவருடைய இன்னொரு புருவத்தைத் தானே தீட்டிவிட்டு, முதல் மணி அடித்ததும் கவுன்டருக்கு ஓடினாள்.

ஓட்டைக்கு வெளியே நகைக்கடைச் சீருடையில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். விளக்கண்ணன். வேலை முடிந்து நேராக வந்திருக்கிறார்.

அவள் கை தன்னையறியாமல் கைப்பைக்குப் போனது. பை காலி. எழுந்து பக்கக் கதவைத் திறந்தாள். "வாங்கண்ணே! உங்களுக்கு எதுக்கு டிக்கெட்? உள்ள போய் உக்காருங்க."

அவர் நகரவில்லை. பணத்தை ஓட்டை வழியாக உள்ளே தள்ளினார். "ஒண்ணு குடும்மா."

"என்னண்ணே இது? நீங்க நம்ம வீட்டு மனுஷன்."

"இருக்கட்டும்மா. இத்தனை வருஷமா ஊருக்கெல்லாம் நான்தானே டிக்கெட் எடுத்துக் குடுத்தேன். எனக்குன்னு ஒண்ணு எடுத்ததே இல்லை. இன்னிக்கு எடுத்துக்கறேனே."

குரலில் கோபம் இல்லை. விலை கேட்கிற மாதிரித்தான் சொன்னார்.

அவளுக்குக் காது மடல்வரை சுட்டது. முதல் வரிசை டாக்டர், தூணுக்குப் பின்னால் அக்கா புருஷன், சிரிக்கிறவர்கள், அழுகிறவர்கள், இருமுகிறவர்கள் என்று அவள் பார்த்துப் பார்த்து உட்கார வைத்த அத்தனை பேரும் கண்முன் வந்து நின்றார்கள். அவர்கள் தலைக்கு மேலே, மரப்பெட்டிக்குள், சம்பளம் வாங்காமல் விளக்கு போட்ட இந்த மனிதர். இவரைப் போய் நன்றி கெட்டவர் என்றோமே என்று வெட்கமாக இருந்தது. சற்று முன் ஒப்பனை அறையில் நிறைந்திருந்த நெஞ்சு இப்போது கல்லாகக் கனத்தது.

"அண்ணே... நான் பெரிய தப்புப் பண்ணிட்டேன்."

"ரெண்டாம் மணி அடிக்கப் போவுதும்மா. டிக்கெட்டக் குடு."

கிழித்துக் கொடுத்தாள். மீதிச் சில்லறையையும் கொடுத்தாள். அவள் வாழ்க்கையில் எத்தனையோ பாஸ் கொடுத்திருக்கிறாள், அத்தனையையும்விட இந்த ஒரு டிக்கெட்டைக் கிழிக்கத்தான் கை வரவில்லை.

"எங்க உக்காரட்டும்?" என்றார்.

ஊரில் ஒவ்வொருவருக்கும் இடம் வைத்திருந்தவளுக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. "எங்க வேணா உக்காருங்கண்ணே" என்றாள்.

அவர் நடு வரிசையில், நடு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் மேடையைப் பார்க்கவில்லை, தலையைத் தூக்கி விளக்குகளைப் பார்த்தார். திரை விலகியது. மூன்றாவது விளக்கு மினுக்கி மினுக்கி அணைந்தது. "லேசாத் தட்டுப்பா" என்று இருட்டிலிருந்து அவர் குரல் வந்தது. மேலே யாரோ தட்டினார்கள். வெளிச்சம் விழுந்த இடத்தில் ராஜா நின்றிருந்தார். அன்றைக்கு அவர் ஒரு வசனமும் தடுமாறவில்லை. இடைவேளைக்குப் பிறகு ஒருவரும் எழுந்து போகவும் இல்லை.

திரை இறங்கியது. பாஸக்கா பணப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் பின்னால் வந்தாள். நடிகர்கள் வேஷம் கலைக்காமலே அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ராணி சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். "அக்கா, முதல் உறை எனக்குத்தானே?"

"இரும்மா. உனக்கு முன்னாடி ஒருத்தர் ரொம்ப வருஷமா வரிசையில நிக்கிறார்."

பெட்டியை இடுப்போடு அணைத்துக்கொண்டு, திரையை விலக்கி, மேடையிலிருந்து இறங்கி நடு வரிசைக்கு நடந்தாள்.